தைராய்டு புற்றுநோய் திரும்ப வருமா? பயாப்சி ரிப்போர்ட்டைப் படிக்கும் முறை

தைராய்டு அறுவை முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் கைக்கு வரும், எடுத்த திசுவை மைக்ரோஸ்கோப்பில் ஆராய்ந்து எழுதிய ஹிஸ்டோபேத்தாலஜி ரிப்போர்ட்டில் பலரும் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு ஃபைலில் செருகிவிடுகிறார்கள். அந்த வரியில் இருப்பது நோயின் பெயர்தான். நோய் திரும்ப வரும் வாய்ப்பு எவ்வளவு என்பதற்கான விவரம் அதற்கு மேலே உள்ள பத்திகளில் இருக்கிறது. மிச்சமிருக்கும் தைராய்டு செல்களை அழிக்கும் கதிரியக்க மருந்தான ரேடியோ அயோடின் வேண்டுமா, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் அளவை எவ்வளவு தாழ்த்தி வைப்பது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுப்பது என்று மருத்துவர் முடிவு செய்வதில் அந்தப் பத்திகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஊடுருவல் உண்டு, நிணநீர்க் கணுவில் பரவல் உண்டு என்று ரிப்போர்ட் சொன்னால் கேள்வி அதோடு முடிவதில்லை. எத்தனை இடத்தில், எத்தனை மில்லிமீட்டர், எதுவரை என்று பார்க்க வேண்டும். கணுவில் பரவல் 'உண்டு' என்ற அதே சொல், ஒருவருக்கு 2 சதவீத வாய்ப்பையும் இன்னொருவருக்கு 40 சதவீத வாய்ப்பையும் குறிக்கலாம்.

இந்தக் கட்டுரை பாப்பில்லரி, ஃபாலிகுலர் வகைகளுக்கும், பழைய ரிப்போர்ட்களில் ஹர்த்தில் செல் என்று எழுதப்பட்ட ஆன்கோசைட்டிக் வகைக்கும் பொருந்தும். மெடுல்லரி வகை வேறு செல்லிலிருந்து வருவது. அதைக் கால்சிடோனின், சிஇஏ ரத்த அளவுகளை வைத்துத் தொடர்வார்கள். அனாபிளாஸ்டிக் வகையில் திரும்ப வருமா என்ற கேள்விக்கு முன்பே சிகிச்சையின் அவசரம் வந்துவிடும். அவை இரண்டையும் இங்கே தொடவில்லை.

படி 1: மூன்று தாள்களை ஒன்றாக வையுங்கள்

இறுதி ஹிஸ்டோபேத்தாலஜி ரிப்போர்ட், ஆபரேஷன் நோட்ஸ், அறுவைக்கு முன் எடுத்த கழுத்து அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட் ஆகிய மூன்றும் வேண்டும். ஊசி போட்டு எடுத்த எஃப்என்ஏசி, அறுவை அரங்கிலிருந்தே அனுப்பிப் பார்த்த ஃப்ரோசன் செக்ஷன் இரண்டும் இந்த வேலைக்கு உதவாது.

ஆபரேஷன் நோட்ஸ் எதற்கு என்று கேட்கலாம். கட்டி குரல் நரம்பிலோ மூச்சுக்குழாயிலோ ஒட்டியிருந்ததா, சுரண்டி எடுக்க வேண்டியிருந்ததா, கண்ணுக்குத் தெரிந்த கட்டி எதையாவது விட்டுவர நேர்ந்ததா என்பதெல்லாம் அறுவை செய்தவருக்கு மட்டுமே தெரியும். நோயியல் நிபுணர் தன் மேஜைக்கு வந்ததை மட்டுமே பார்க்கிறார். கழுத்துக்குள் தங்கிவிட்டதைப் பற்றி அவரால் எழுத முடியாது. திரும்ப வரும் வாய்ப்பைப் பெரிதும் கூட்டும் இரண்டு விஷயங்கள் அந்த நோட்ஸில்தான் இருக்கும்: கட்டி கண்ணுக்குத் தெரியும்படி வெளியே படர்ந்திருந்தது, முழுவதும் எடுக்க முடியாமல் போனது. டிஸ்சார்ஜ் சம்மரியில் இவை பெரும்பாலும் ஒற்றை வரியாகச் சுருங்கிவிடும். அதனால் நோட்ஸின் நகலைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

படி 2: ஸ்டேஜ் வேறு, திரும்ப வரும் வாய்ப்பு வேறு

ரிப்போர்ட்டில் டி (கட்டி), என் (நிணநீர்க் கணு), எம் (தொலைவிடப் பரவல்) எழுத்துகளோடு வரும் ஸ்டேஜ், ஏஜேசிசி என்ற அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக்குழு வெளியிட்ட எட்டாம் பதிப்பின்படி எழுதப்படுகிறது. 2018 முதல் நடைமுறையில் உள்ள இந்தப் பதிப்பு கணிப்பது உயிருக்கு உள்ள ஆபத்தை. இதில் வயது 55 ஒரு எல்லைக்கோடு. அதற்குக் கீழே இருப்பவருக்கு நுரையீரல், எலும்பு போன்ற தொலைவிடங்களில் பரவல் இல்லாதவரை, கட்டி எவ்வளவு பெரிதானாலும், எத்தனை கணுவில் பரவியிருந்தாலும் ஸ்டேஜ் 1தான்.

30 வயதுப் பெண் ஒருவருக்குக் கழுத்தில் பன்னிரண்டு கணுக்களில் பரவல் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அவர் ஸ்டேஜ் 1. உயிருக்கு ஆபத்து மிகக் குறைவு. ஆனால் நோய் கழுத்தில் மறுபடி தலைகாட்டும் வாய்ப்பு சுமார் 20 சதவீதம். 'ஸ்டேஜ் 1தானே' என்று ஸ்கேனைத் தள்ளிப்போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

திரும்ப வருவதைக் கணிக்கப் பரவலாகப் பயன்படுவது அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் பிரிப்பு. 2015ஆம் ஆண்டு வழிகாட்டியில் மூன்று படிநிலைகள்: குறைவு என்றால் சுமார் 5 சதவீதம் வரை, நடுத்தரம் என்றால் 6 முதல் 20 வரை, அதிகம் என்றால் 20க்கு மேல். 2025ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நடுப்படிநிலையை இரண்டாக உடைத்து நான்காக்கினார்கள். உங்கள் மருத்துவர் எதைப் பின்பற்றுகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே வரும் சதவீதங்கள் 2015 வழிகாட்டியை ஒட்டியவை.

படி 3: வகைக்குப் பின்னால் துணைவகையைத் தேடுங்கள்

'பாப்பில்லரி கார்சினோமா' என்று மட்டும் எழுதி நிறுத்திய ரிப்போர்ட் அரைகுறை. அடுத்து சப்டைப் அல்லது வேரியன்ட் என்று ஒரு சொல் இருக்க வேண்டும். கிளாசிக் என்றால் இந்தப் படியில் கூடுதல் கவலை இல்லை. டால் செல், ஹாப்நெயில், காலம்னார் செல் ஆகிய மூன்றும் ஆக்ரோஷமானவை; இவற்றில் எது இருந்தாலும் குறைவு என்ற படிநிலையில் வைக்க மாட்டார்கள். டிஃப்யூஸ் ஸ்கிளிரோசிங் இளம் வயதினரிடம் கூடுதலாகக் காணப்படுவது. நிணநீர் நாளங்கள் வழியே தைராய்டு முழுக்கப் படர்ந்து, கண்டறியும்போதே கணுக்களுக்கும் போயிருப்பது வழக்கம்.

டால் செல் என்றால் சதவீதத்தையும் பாருங்கள். செல்லின் உயரம் அகலத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும், அப்படிப்பட்ட செல்கள் கட்டியில் 30 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வகைப்பாட்டின் அளவுகோல். 'டால் செல் ஃபீச்சர்ஸ்' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த 30ஐ எட்டவில்லை என்று பொருளா, எண்ணவே இல்லை என்று பொருளா என்று கேட்பது நியாயமான கேள்வி.

பாப்பில்லரியிலேயே உறைக்குள் அடங்கிய ஃபாலிகுலர் வேரியன்ட் என்றால், கட்டியின் உறையில் ஊடுருவல் இருக்கிறதா என்பதைத் தேடுங்கள். ஊடுருவல் சிறிதும் இல்லாத, மற்ற நிபந்தனைகளுக்கும் உட்பட்ட கட்டிகளை 2016 முதல் புற்றுநோய் என்றே அழைப்பதில்லை. நிஃப்ட்-பி என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அதற்கு முந்தைய ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு இன்னும் பயந்துகொண்டிருப்பவர்கள் ஸ்லைடை மறுபடி பார்க்கச் சொல்லலாம். ஆனால் அந்தப் பெயரைக் கொடுக்க உறை முழுவதையும் ஆராய்ந்திருக்க வேண்டும்.

படி 4: கட்டியின் அளவும் எண்ணிக்கையும்

இதற்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். தைராய்டுக்குள்ளேயே அடங்கிய 1 செ.மீ. வரையிலான ஒற்றைக் கட்டி என்றால் வாய்ப்பு 1 முதல் 2 சதவீதம். அதே அளவில் பல கட்டிகள் என்றால் 4 முதல் 6. உள்ளடங்கிய 2 முதல் 4 செ.மீ. கட்டி என்றால் சுமார் 5. அளவு எல்லாரும் நினைக்கும் அளவுக்குத் தனியாகப் பேசுவதில்லை.

படி 5: தைராய்டை விட்டு வெளியே போயிருக்கிறதா

எக்ஸ்ட்ரா தைராய்டல் எக்ஸ்டென்ஷன் என்ற வரியைத் தேடுங்கள். இதில் இரண்டு நிலைகள் உண்டு. மைக்ரோஸ்கோப்பில் மட்டும் தெரிவது ஒன்று. அறுவையின்போதே கண்ணுக்குத் தெரிவது மற்றொன்று, இதை கிராஸ் என்று எழுதுவார்கள். முதலாவதில் வாய்ப்பு 3 முதல் 8 சதவீதம். மூச்சுக்குழாய், உணவுக்குழாய், குரல்வளை, குரல் நரம்பு ஆகியவற்றுக்குள் கண்ணுக்குத் தெரியப் புகுந்திருந்தால் 30 முதல் 40.

மைக்ரோஸ்கோப்பில் மட்டும் தெரியும் படர்வை ஏஜேசிசி எட்டாம் பதிப்பு டி3 கணக்கிலிருந்து எடுத்தேவிட்டது. காரணம் உடற்கூறியலில் இருக்கிறது. தைராய்டைச் சுற்றி முழுமையான, ஒரே சீரான உறை கிடையாது. நோயே இல்லாத தைராய்டிலும், குறிப்பாக நடுப்பாலமான இஸ்த்மஸில், கொழுப்பும் தசைநாரும் உள்ளே கலந்திருக்கும். அந்தக் கொழுப்புக்கு அருகில் கட்டி இருந்தால் ஒரு நிபுணர் 'வெளியே போய்விட்டது' என்பார், இன்னொருவர் 'உள்ளேதான்' என்பார். இருவரும் திறமையானவர்களாகவே இருக்கலாம்.

ஆகவே 'எக்ஸ்டென்ஷன் பிரசென்ட்' என்று மட்டும் எழுதியிருந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: மைக்ரோஸ்கோப்பில் மட்டுமா, கிராஸா? எந்தத் திசுவுக்குள், கொழுப்பா, கழுத்துத் தசையா, வேறா? ஆபரேஷன் நோட்ஸோடு ஒத்துப்போகிறதா? தைராய்டின் மேல் படிந்திருக்கும் ஸ்ட்ராப் தசைகளுக்குள் மட்டும் கண்ணுக்குத் தெரியப் போயிருந்தால் டி3பி. அதற்கும் அப்பால் என்றால் டி4. ரிப்போர்ட்டில் டி3பி என்று இருந்து, அறுவை செய்தவர் 'தசை எளிதாகப் பிரிந்துவந்தது' என்று எழுதியிருந்தால் ஏதோ ஒன்று பொருந்தவில்லை. இருவரும் ஒருமுறை பேசிக்கொண்டால் தீர்ந்துவிடும் விஷயம் இது. ஃபைலை வைத்திருப்பவர் கேட்டால்தான் அந்தப் பேச்சு நடக்கிறது.

படி 6: ரத்தநாள ஊடுருவல்

ஃபாலிகுலர், ஆன்கோசைட்டிக் வகைகளில் ரிப்போர்ட்டின் கனமான வரி இதுதான். பாப்பில்லரி பெரும்பாலும் நிணநீர் வழியே கழுத்துக் கணுக்களுக்குப் போகும். ஃபாலிகுலர் ரத்தம் வழியே நுரையீரலுக்கும் எலும்புக்கும் போகும். எனவே அந்த வகையில் கணு சுத்தமாக இருப்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது.

எண்ணிக்கை இங்கே நேரடியாக முடிவை மாற்றும். கட்டியின் உறையை மட்டும் துளைத்திருக்கிறது, ரத்தநாளத்தில் இல்லை என்றால் வாய்ப்பு 2 முதல் 3 சதவீதம். நாள ஊடுருவல் நான்கு இடத்துக்குக் கீழ் என்றால் குறைவு என்ற படிநிலையிலேயே வைக்கலாம். அதற்கு மேல் போய்ப் பரந்த ஊடுருவல் ஆகும்போது 30 முதல் 55 சதவீதம். பாப்பில்லரியில் ரத்தநாள ஊடுருவல் இருந்தால் 15 முதல் 30. ஆக, 'வாஸ்குலர் இன்வேஷன் பிரசென்ட்' என்ற இரண்டு சொல் போதாது. எத்தனை நாளங்கள் என்ற எண் வேண்டும்.

'லிம்ஃபோவாஸ்குலர் இன்வேஷன்' என்று இரண்டையும் சேர்த்து எழுதும் பழக்கம் இன்னொரு தொல்லை. மற்ற உறுப்புகளின் புற்றுநோயில் அது செல்லுபடியாகலாம். தைராய்டில் நிணநீர் நாளமும் ரத்தநாளமும் வெவ்வேறு செய்தி சொல்கின்றன. பிரித்துச் சொல்லக் கேளுங்கள். கண்ணால் பிரிக்க முடியாவிட்டால் குறிப்பிட்ட புரதத்தை நிறமேற்றிக் காட்டும் சிடி31, இஆர்ஜி, டி2-40 போன்ற இம்யூனோ சாயங்கள் உண்டு. டி2-40 நிணநீர் நாளத்தைக் காட்டிக்கொடுக்கும்.

தவறு எங்கே நடக்கிறது? கட்டிக்குள்ளேயே உள்ள நாளத்தில் செல்கள் தெரிந்தால் அது கணக்கில் வராது. நாளம் உறையிலோ உறைக்கு வெளியிலோ இருக்க வேண்டும். நாளத்துக்குள் தனியே மிதக்கும் செல்களும் கணக்கில்லை. வெட்டும்போது கத்தி இழுத்துவந்தவையாக இருக்கலாம். சுவரோடு ஒட்டியிருப்பது, நாளத்தின் உட்படலம் மேலே மூடியிருப்பது, ரத்த உறைவு சேர்ந்திருப்பது ஆகியவைதான் நம்பத் தகுந்த அடையாளங்கள். உறை ஊடுருவலிலும் இதேபோல் ஒரு பொறி உண்டு: எஃப்என்ஏசி ஊசி போன தடம் ஆறி, உறை துளைக்கப்பட்டதுபோலத் தோன்றும். பக்கத்தில் பழைய ரத்தக்கசிவின் நிறமி இருந்தால் நிபுணருக்குச் சந்தேகம் வரும். எப்போது ஊசி போட்டது என்று மாதிரியோடு போகும் படிவத்தில் எழுதியிருந்தால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

அறுவை அரங்கிலேயே 'உள்ளே என்ன இருக்கிறது பார்ப்போம்' என்று கட்டியைக் கீறிப் பார்ப்பதும் கெடுதல். உறை பிதுங்கிவிடும், விளிம்பில் தடவும் மை பிளவுக்குள் ஓடிவிடும், பிறகு எது ஊடுருவல் எது கிழிசல் என்று சொல்ல முடியாது. முழுசாக, போதிய அளவு 10 சதவீத ஃபார்மலினில், கட்டியின் பருமனைப்போல் பத்து மடங்கு திரவத்தில் போட்டு அனுப்புவதே சரி.

படி 7: நிணநீர்க் கணுக்கள்

நெறிகட்டி என்று வீட்டில் சொல்வது இந்தக் கணுக்கள் வீங்கினால்தான். ரிப்போர்ட்டில் நான்கு எண்களைத் தேடி எழுதிக்கொள்ளுங்கள்: எடுத்தவை எத்தனை, அவற்றில் நோய் உள்ளவை எத்தனை, மிகப் பெரிய நோய்த்திட்டின் அளவு, நோயுள்ள மிகப் பெரிய கணுவின் அளவு. கடைசி இரண்டும் ஒன்றல்ல. 2 செ.மீ. கணுவுக்குள் 1 மி.மீ. திட்டு மட்டும் இருக்கலாம். பல ரிப்போர்ட்களில் ஒன்றை எழுதி மற்றதை விட்டுவிடுகிறார்கள்.

அளவுகோல் இப்படிப் போகிறது. எல்லாத் திட்டுகளும் 2 மி.மீ.க்குக் கீழ், கணுக்கள் ஐந்துக்குள் என்றால் குறைவு, சுமார் 5 சதவீதம். ஐந்துக்கு மேல் என்றால் சுமார் 20. அறுவைக்கு முன்பே ஸ்கேனிலோ கையிலோ தெரிந்த பரவலுக்கும் ஏறக்குறைய அதே 20. நோயுள்ள ஏதாவது ஒரு கணு 3 செ.மீ.யோ அதற்கு மேலோ என்றால் சுமார் 30, அதாவது அதிகம்.

ஐந்தாவதாக ஒரு சொல்லையும் தேடுங்கள்: எக்ஸ்ட்ரா நோடல் எக்ஸ்டென்ஷன். கணுவின் உறையைக் கிழித்துக்கொண்டு நோய் சுற்றுக் கொழுப்புக்குள் போயிருக்கிறதா என்பது அது. மூன்று கணுக்கள் வரை, வெளியே போகவில்லை என்றால் 2 சதவீதம்; மூன்றுக்கு மேற்பட்ட கணுக்கள், வெளியே போயிருக்கிறது என்றால் சுமார் 40. ரிப்போர்ட்டில் இரண்டு பேருக்கும் என்1 என்றுதான் இருக்கும். மேலே முதலில் சொன்ன 2ம் 40ம் இவைதான்.

சுழியத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். '0/1' என்றால் தைராய்டோடு தற்செயலாக ஒட்டிவந்த ஒரே ஒரு கணுவில் நோய் இல்லை என்று மட்டும் பொருள். கணுக்களையே எடுக்காத அறுவையில் கணு சுத்தம் என்பதற்கு ஆதாரம் அல்ட்ராசவுண்டுதான். அதனால்தான் அந்த மூன்றாம் தாள். 'என்எக்ஸ்' என்று இருந்தால் பரிசோதிக்கப்படவில்லை என்று பொருள். நோய் இல்லை என்று பொருளல்ல.

படி 8: விளிம்பு, செல் பிளவு, திசு இறப்பு

மார்ஜின் என்பது மை தடவிய வெட்டு விளிம்பு. ஆர்0 என்றால் விளிம்பில் நோயில்லை, ஆர்1 என்றால் மைக்ரோஸ்கோப்பில் தெரிகிறது, ஆர்2 என்றால் கண்ணுக்குத் தெரிந்தே மிஞ்சியிருக்கிறது. ஆர்1 என்றால் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். முன்பக்கத்து விளிம்பை நரம்பும் மூச்சுக்குழாயும் உள்ள பின்பக்கத்து விளிம்போடு சமமாக வைக்க முடியாது.

அடுத்து மைட்டோசிஸ் எண்ணிக்கையும் நெக்ரோசிஸும். 2022 வகைப்பாட்டில் இவற்றுக்குப் பெரிய இடம் கிடைத்தது. 2 சதுர மி.மீ. பரப்பில் ஐந்தோ அதற்கு மேலோ செல் பிளவுகள் இருந்தால், அல்லது கட்டித் திசு இறந்த பகுதி இருந்தால், பார்வைக்குச் சாதாரண பாப்பில்லரிபோல இருந்தாலும் அது ஹை கிரேட் கார்சினோமா. இங்கேயும் ஊசி குழப்பும். எஃப்என்ஏசிக்குப் பின் கட்டிக்குள் ரத்தம் கசிந்து திசு இறப்பது உண்டு. அதைக் கட்டி தானாகப் பெருகி இறந்ததோடு சேர்க்கக் கூடாது. இந்த இரண்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத ரிப்போர்ட் என்றால் எழுதித்தரக் கேளுங்கள்.

படி 9: மரபணுச் சோதனை, தேவைப்பட்டால்

பிராஃப் என்ற மரபணுவில் வரும் வி600இ மாற்றம் பாப்பில்லரி கட்டிகளில் ஏறக்குறைய பாதியில் உண்டு. இவ்வளவு பரவலான ஒன்று தனியாக எச்சரிக்கை ஆகாது. 1 செ.மீ. வரையிலான உள்ளடங்கிய ஒற்றைக் கட்டியில் பிராஃப் இருந்தாலும் வாய்ப்பு 1 முதல் 2 சதவீதம்தான். தைராய்டை விட்டு வெளியே போன கட்டியில் அது இருந்தால் 10 முதல் 40 வரை போகும். டெர்ட் என்ற மரபணுவை இயக்கும் புரமோட்டர் பகுதியில் வரும் மாற்றத்தின் கனம் வேறு: 1 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டியில் அது இருந்தால், பிராஃபோடு சேர்ந்தோ தனித்தோ, 40க்கு மேல்.

பிராஃபை விஇ1 என்ற இம்யூனோ சாயத்தால் குறைந்த செலவில் பார்க்கலாம். டெர்ட்டுக்கு டிஎன்ஏ வரிசைச் சோதனை வேண்டும். அனுப்பும்போது ஒரு கவனம்: கட்டி சுண்ணாம்பு பிடித்துக் கெட்டியாக இருந்திருந்தால், வெட்டுவதற்காக அமிலத்தில் ஊறவைத்து இளக்கியிருப்பார்கள். அமிலம் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். சோதனை தோற்கும், பணம் போகும். அமிலம் படாத வேறு பிளாக்கை (திசுவைப் பதித்த மெழுகுத் துண்டை) தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். குறைவு என்ற படிநிலையில் தெளிவாக இருப்பவர் இந்தச் செலவைச் செய்யத் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து.

படி 10: விடுபட்டதைக் கேட்டு வாங்குங்கள்

ஒரு வெள்ளைத்தாளில் இவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி எதிரே நிரப்புங்கள்: துணைவகையும் சதவீதமும், கட்டியின் அளவு, வெளிப்படர்வு எதற்குள், ரத்தநாளங்களின் எண்ணிக்கை, கணுவின் நான்கு எண்கள், கணு உறை, விளிம்பு, மைட்டோசிஸ், நெக்ரோசிஸ். காலியாக நிற்கும் இடங்களோடு ஆய்வகத்துக்குப் போனால், ஸ்லைடை மறுபடி பார்த்து அடெண்டம் என்ற கூடுதல் குறிப்பு தருவார்கள். ஸ்லைடுகள் அங்கேயே இருக்கும்போது இது சின்ன வேலை.

வேறு நிபுணரிடம் காட்டுவதானால் ரிப்போர்ட்டின் நகலை மட்டும் எடுத்துப் போவதில் பயனில்லை. ஸ்லைடுகளும் பாரஃபின் பிளாக்கும் வேண்டும். ஃபாலிகுலர் என்றால் உறை உள்ள எல்லா ஸ்லைடுகளையும் கேளுங்கள். அவர்கள் தேர்ந்தெடுத்துத் தரும் ஒன்றிரண்டு போதாது. ஸ்லைடின் எண்ணும் ரிப்போர்ட்டின் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று வாங்கும் இடத்திலேயே பார்த்துவிடுங்கள். பிளாக் மெழுகு, சித்திரை வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவைக்க வேண்டாம்.

படி 11: ரத்தப் பரிசோதனையோடு சேர்த்துப் பாருங்கள்

திசு சொல்வது ஆரம்பக் கணிப்பு. தைராய்டு முழுவதும் எடுத்தவர்களுக்கு, தைராய்டு செல்கள் சுரக்கும் தைரோகுளோபுலின் என்ற புரதத்தின் ரத்த அளவு அறுவைக்குப் பின் 3, 4 வாரத்தில் அடிமட்டத்துக்கு இறங்கும். அதன்பின் கிடைக்கும் அளவுகளும் 6 முதல் 12 மாதத்துக்குள் எடுக்கும் கழுத்து அல்ட்ராசவுண்டும் சேர்ந்து படிநிலையை மேலேயோ கீழேயோ நகர்த்தும். ரேடியோ அயோடினும் பெற்றவருக்கு தைராய்டு ஹார்மோன் மாத்திரை சாப்பிடும் நிலையில் அளவு மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராமுக்குக் கீழே இருந்து, ஸ்கேனும் சுத்தம் என்றால், நடுத்தரத்தில் தொடங்கியவருக்கும் வாய்ப்பு 1 முதல் 4 சதவீதத்துக்கு இறங்கிவிடும். பாதித் தைராய்டு மட்டும் எடுத்தவர்களுக்கு இந்த எண்கள் பொருந்தாது. மிச்சமிருக்கும் பாதியும் தைரோகுளோபுலின் சுரக்கும்.

தைரோகுளோபுலினோடு அதற்கெதிரான ஆன்டிபாடியையும் எப்போதும் சேர்த்தே சோதிக்க வேண்டும். நான்கில் ஒரு நோயாளிக்கு அந்த ஆன்டிபாடி இருக்கும்; இருந்தால் தைரோகுளோபுலின் பொய்யாகக் குறைந்து தெரியும். ரிப்போர்ட்டில் லிம்ஃபோசைட்டிக் தைராய்டைட்டிஸ் அல்லது ஹஷிமோட்டோ என்று ஒரு வரி இருந்தால் இந்த வாய்ப்பு கூடுதல். அப்படிப்பட்டவர்களுக்கு ஆன்டிபாடி வருடாவருடம் இறங்குகிறதா, ஏறுகிறதா என்பதே தடயம்; ஏறினால் தேட வேண்டும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் கருவி மாறும், எண்ணும் மாறும். ஒரே இடத்தில் கொடுங்கள். முடி, நகத்துக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிட்டு, ரத்தம் எடுப்பவரிடமும் சொல்லிவிடுங்கள்.